கிளிக் கூண்டின் முன் ஓர் ஓவியர்

செத்த பறவையைப் பாடம் செய்து அலமாரியில் வைத்தாலும் இறகின் நிறம் பெரும்பாலும் தங்கிவிடும். பஞ்சவர்ணக்கிளியின் இறகில் நீல நிறமி என்று ஒன்று கிடையாது. இறகிழைக்குள் உள்ள நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால்தான் அந்த நீலம் தெரிகிறது. அமைப்பு குலையாதவரை நீலத்துக்கு ஆபத்தில்லை. போய்விடுவது கண்ணின் நிறமும் முகத்துத் தோலின் நிறமும்தான். பறவை உட்காரும் தோரணையும் சேர்ந்தே போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பறவை ஓவியர்கள் பலர் இந்தக் காய்ந்த தோல்களைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். படங்கள் விறைத்து நின்றதில் வியப்பில்லை.

ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் 1830இல், தம் 18ஆவது வயதில், லண்டன் விலங்கியல் சங்கத்தின் அனுமதியோடு உயிருள்ள கிளிகளை வரையத் தொடங்கினார். பராமரிப்பாளர் பறவையைப் பிடித்துக்கொள்ள, இறக்கை, வால், கால் என்று அளவெடுப்பார். தாளின் ஓரத்தில் வண்ணத்தைத் தீற்றிச் சரிபார்ப்பார். பிறகு கல்லச்சு. சுண்ணாம்புக்கல்லின் மேல் கொழுப்பு கலந்த பென்சிலால் தாமே வரைவார். கல்லை நனைத்து மை உருட்டினால் ஈரமான இடம் மையை ஏற்காது, கொழுப்புக் கோடு மட்டும் பிடித்துக்கொள்ளும். செம்புத் தகட்டில் செதுக்க இன்னொருவர் கையை நம்பவேண்டிய தேவை இதில் இல்லை. இறகின் மென்மை அப்படியே தாளில் இறங்கியது. வண்ணம் மட்டும் ஒவ்வொரு பிரதியிலும் கையால் பூசப்பட்டது.

கலை வென்றது, கணக்கு தோற்றது. இந்தக் கிளிப் படங்களைச் சந்தாதாரர்களுக்கு 14 பகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டார். 12 பகுதிகளில், 42 படங்களோடு, 1832இல் நிறுத்திக்கொண்டார். சந்தாப் பணம் ஒழுங்காக வந்து சேரவில்லை. அடுத்து ஜான் கூல்டின் பறவை நூல்களுக்கு வரைந்தார்; டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில் வளர்ந்த விலங்குகளையும் வரைந்தார். பார்வை மங்கியதும் நுணுக்க வேலை முடியாமல் போக, 1837இல் ரோம் நகருக்குப் போய் நிலக்காட்சி ஓவியரானார். இன்று உலகம் அவரைக் குறும்புப் பாட்டுக்காரராகவே நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

விலங்கியல் மறக்கவில்லை. 1856இல் பறவையியலாளர் சார்ல்ஸ் லூசியன் போனபார்ட் ஒரு நீலப் பஞ்சவர்ணக்கிளிக்கு லியரின் பெயரை வைத்தார். அது காட்டில் எங்கே வாழ்கிறது என்பதுதான் புதிராக நீடித்தது. வணிகர்கள் வழியாக வந்தவற்றைத்தான் அறிஞர்கள் பார்த்திருந்தார்கள். 1978இல் பறவையியலாளர் ஹெல்முட் சிக் பிரேசிலின் பாயியா மாநில வறண்ட நிலத்தில் அதைக் கண்டுபிடித்தார். மணற்பாறைச் சரிவுப் பொந்துகளில் குஞ்சு பொரித்து, லிகூரி பனையின் கொட்டைகளை உடைத்துத் தின்று வாழ்கிறது அந்தக் கிளி.