தேங்கிய வெந்நீரும் தேக நலமும்

அமெரிக்காவிலும் கனடாவிலும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள் பலர், பனிக்காலம் நெருங்கியதும் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியில் குடியேறி, அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் போன்ற வெயில் நிலங்களை நாடிப் பிரயாணம் புறப்படுகிறார்கள். டயரின் காற்றையும் எஞ்சினின் எண்ணெயையும் சிரத்தையோடு பார்த்துக்கொள்ளும் அவர்களிலும் பலர், வண்டியின் பக்கத்தில் ஒரு சிறு கதவுக்குப் பின்னால் 6 அல்லது 10 காலன் நீரைச் சுமந்துகொண்டிருக்கும் வாட்டர் ஹீட்டரை, குழாயில் வெந்நீர் வந்துகொண்டிருக்கும் வரையில் நினைப்பதே இல்லை. சூடாக வருகிற நீர் சுத்தமாகவும் இருக்கும் என்று மனம் தானாகவே நம்பிவிடுகிறது. சரீரத்துக்கு அபாயம் விளைவது அந்த நம்பிக்கையினால்தான்.

பிலடெல்பியா கற்பித்த பாடம்

1976ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் மாநாடு கூடிய ‘அமெரிக்கன் லீஜன்’ என்னும் முன்னாள் போர்வீரர் சங்கத்தினரிடையே, காரணம் விளங்காத நிமோனியா ஜுரம் பரவி ஏறக்குறைய 30 பேரைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில், அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தைச் சேர்ந்த ஜோசப் மெக்டேட் என்னும் விஞ்ஞானி அதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். அச்சங்கத்தின் பெயராலேயே அது ‘லீஜனெல்லா’ என்று வழங்கலாயிற்று.

இக்கிருமி 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில், அசைவின்றித் தேங்கிய நீரில், செழித்துப் பெருகுகிறது. 60 டிகிரிக்கு மேல் நெடுநேரம் பிழைப்பதில்லை. ஷவரிலிருந்து சிதறும் நுண்ணிய திவலைகளைச் சுவாசிக்கும்போதே அது நுரையீரலை அடைகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள், புகை பிடிப்பவர்கள், நுரையீரல் நோயுள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் ஆகியோரையே அது அதிகமாகப் பீடிக்கிறது. வாரக்கணக்கில் வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் அணைந்த ஹீட்டர் அதற்கு வாய்த்த இருப்பிடமாகிவிடக்கூடும் என்பதையும், வண்டியில் வாழ்பவர்களிற் பலர் முதியவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், இதன் முக்கியத்துவம் விளங்கும்.

நாற்றமும் தண்டும்

வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால், நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேறிவிட்டன என்று பெரும்பாலும் கொள்ளலாம். அவை பொதுவாக நோய் விளைவிப்பன அல்லவாயினும், நீர் வெகுநாள் தேங்கிவிட்டது என்பதற்குச் சாட்சியாகின்றன. ஆனால் லீஜனெல்லாவுக்கு இத்தகைய நாற்றம் இல்லை. ஆகவே நாற்றமில்லை என்பதனால் மட்டும் ஆறுதல் கொள்ளலாகாது.

எஃகுத் தொட்டிகளில், துருவைத் தான் ஏற்றுத் தொட்டியைக் காக்கும் மக்னீசியம் அல்லது அலுமினியத் தண்டு ஒன்று செருகப்பட்டிருக்கும். ‘ஆனோடு ராட்’ என்று பெயர் பெற்ற அது முக்கால் பங்கு கரைந்ததும் மாற்றப்பட வேண்டும். அலுமினியத் தொட்டிகளுக்கு இத்தண்டு கிடையாது. புதிதாகப் பொருத்தவும் கூடாது.

கழுவும் முறை

ஆண்டுக்கு ஒருமுறையேனும், கடின நீர் நிறைந்த பிரதேசங்களில் இன்னும் அடிக்கடியும், தொட்டியைக் கழுவுதல் அவசியம். முதலில் கேஸையும் மின்சாரத்தையும் தண்ணீர்ப் பம்பையும் நிறுத்தி, வெளியிலிருந்து வரும் நீரையும் அடைத்து, உள்ளிருக்கும் நீர் முற்றிலும் ஆறும் வரையில் பொறுத்திருந்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தைப் போக்கிய பின்னரே, அடியிலுள்ள மூடியையோ தண்டையோ கழற்ற வேண்டும். அவசரப்பட்டவர்களின் முகத்தில் கொதிநீர் பீறிட்டடிக்கக்கூடும். பிறகு மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, சுண்ணாம்புப் படிவும் மண்டியும் நின்று தெளிநீர் வரும்வரை அலசுக. இப்படிவுகள் கிருமிகளுக்கு அரணாக நின்று வெப்பத்தையும் மருந்தையும் அவற்றை அணுகவொட்டாமல் தடுப்பதனால், அலசுதல் முந்தியும் கிருமி நீக்கம் பிந்தியும் நடைபெற வேண்டும்.

கிருமி நீக்கம்

ஹீட்டர் அணைந்திருக்கும்போதே, வாசனை கலவாத வீட்டு பிளீச்சை, நன்னீர்த் தொட்டியின் 15 காலன் கொள்ளளவுக்குக் கால் கப், அதாவது ஏறக்குறைய 60 மில்லி, என்ற கணக்கில் நீரில் கரைத்து ஊற்றித் தொட்டியை நிரப்புக. பம்பை இயக்கி, வெந்நீர், குளிர்நீர் ஆகிய குழாய்கள் அனைத்திலும் குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் வைத்திருந்து, பின் மணம் நீங்கும்வரை நன்னீரால் அலசிவிட வேண்டும். படிவைக் கரைக்க வினிகரை உபயோகிப்பவர்கள் அதை முற்றும் கழுவாமல் பிளீச் சேர்க்கலாகாது. இரண்டும் கலந்தால் விஷவாயுவாகிய குளோரின் உண்டாகும்.

வெப்பம், புகை, பனி

இத்தகைய ஹீட்டர்கள் பல நீரை 54 முதல் 60 டிகிரி வரை சூடாக்குகின்றன. கிருமியை அடக்கும் அவ்வெப்பமே குழந்தைகளின் தோலையும் முதியவர்களின் தோலையும் சில வினாடிகளில் பொசுக்கவும் வல்லது. ஆகையால் குளிர்நீரை முதலில் திறந்து, அதனோடு வெந்நீரைக் கலந்துகொள்வதே ஜாக்கிரதை.

பர்னர் குழாயில் சிலந்தியும் குளவியும் கூடு கட்டினால் கேஸ் சரிவர எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். கரி படிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்து, எச்சரிக்கைக் கருவியைச் செயல்படும் நிலையில் வைத்திருக்க வேண்டும். பனிக்காலத்துக்காக வண்டியை மூடி வைப்பவர்கள் ஹீட்டரை வடித்துவிட்டு, குழாய்களில் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ந்த ஆர்.வி. உறைதடுப்புத் திரவத்தையே நிரப்புக; கார்களுக்குரிய எத்திலீன் கிளைக்கால் உயிர் கொல்லும் விஷம்.

முதல் ஸ்நானத்துக்கு முன்

வெகுநாள் நின்ற வண்டியில் மீண்டும் ஏறும்போது, தொட்டி நிறைந்திருப்பதை நிச்சயித்துக்கொண்டு ஹீட்டரை ஏற்றி, நீர் முழுச் சூடு அடைந்தபின், ஷவரின் தலையைக் கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து, சில நிமிஷங்கள் வெந்நீரை வீணே ஓடவிடுங்கள். அவ்வாறு ஓடிப்போகும் சில காலன் நீரை நஷ்டமென்று கருத வேண்டாம்; முதுமையில் தேடிச் சென்ற வெயிலைச் சுகமாக அனுபவிப்பதற்கு அது நாம் செலுத்தும் மிகச் சிறிய விலை.