கல்லீரல் புற்றுநோய்: 22,707 பேர் சொன்ன கணக்கு

புற்றுநோய் தொற்றுநோயா என்று கேட்டால் மருத்துவர்கள் இல்லை என்பார்கள். அது சரிதான். புற்றுநோயாளியின் அருகில் இருப்பதாலோ, தொடுவதாலோ நமக்கு அந்நோய் வராது. ஆனால் சில புற்றுநோய்களுக்கு வித்திடும் கிருமிகள் தொற்றக்கூடியவை. 2018-ஆம் ஆண்டில் உலகில் புதிதாக வந்த புற்றுநோய்களில் சுமார் 13 சதவீதம், அதாவது ஏறத்தாழ 22 லட்சம், கிருமித்தொற்றால் ஏற்பட்டவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் ஆகிய நான்கும் இவற்றில் முக்கியமானவை.

சரி, ஒரு கிருமிதான் புற்றுநோய்க்குக் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? காய்ச்சல் என்றால் கிருமி நுழைந்த சில நாட்களில் தெரிந்துவிடும். புற்றுநோய் வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

1970-களில் கல்லீரல் புற்றுநோயாளிகள் பலரின் இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் அடையாளம் காணப்பட்டது. ஆனால் வைரஸ் முதலில் வந்து புற்றுநோயை உண்டாக்கியதா, அல்லது ஏற்கனவே பழுதான கல்லீரலில் வைரஸ் எளிதாகக் குடியேறியதா? நோயாளிகளை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. நோய் வருவதற்கு முன்பே பார்க்கத் தொடங்க வேண்டும்.

அதைத்தான் செய்தார் அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர் பால்மர் பீஸ்லி (1936-2012). கல்லீரல் புற்றுநோய் மிகுந்திருந்த தைவானில், அவரும் லூ-யூ ஹுவாங் உள்ளிட்ட குழுவினரும் 22,707 ஆண்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். எல்லோரும் அரசு ஊழியர்கள். இந்தத் தேர்வில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அரசு ஊழியர்களுக்குக் காப்பீடு உண்டு என்பதால், யார் எதனால் இறந்தார் என்பது பதிவாகிவிடும்.

3,454 பேரிடம் வைரஸ் இருந்தது, 19,253 பேரிடம் இல்லை. பிறகு காத்திருந்தார்கள். 1981-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேர் வைரஸ் இருந்த சிறிய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், ஒரே ஒருவர்தான் மற்ற கூட்டம். நீங்களே வகுத்துப் பார்க்கலாம்: லட்சத்துக்கு 1,158 பேர் ஓரிடத்தில், 5 பேர் மற்றோரிடத்தில். 223 மடங்கு வித்தியாசம்! புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பில்கூட இவ்வளவு பெரிய எண் கிடையாது.

அடுத்த கேள்வி, இவ்வளவு பேருக்கு வைரஸ் எப்படி வந்தது? பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது தைவானில் முக்கிய வழி என்பதையும் பீஸ்லியின் குழு காட்டியது. வயது வந்தபின் தொற்றினால் 100-க்கு 5 பேருக்கும் குறைவானவர்களிடமே வைரஸ் நிலைத்துத் தங்கும். பிறக்கும்போதே தொற்றினாலோ சுமார் 90 குழந்தைகளிடம் தங்கிவிடும். நாற்பது, ஐம்பது வயதில் வரும் புற்றுநோய்க்கான விதை பிறந்த அன்றே விழுந்துவிடுகிறது.

மென்பொருளில் ஒரு கோளாறுக்கு இதுதான் காரணம் என்று சந்தேகித்தால், அதை நீக்கிவிட்டுக் கோளாறு போகிறதா என்று பார்ப்போம். தைவானும் அப்படியே செய்தது. 1984 ஜூலையில், வைரஸ் உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986-லிருந்து பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயது வரையான சிறுவர்களில் கல்லீரல் புற்றுநோய் 1981-86-இல் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990-94-இல் 0.36 ஆகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு மனித இனம் கண்ட முதல் சான்று இது.

இதில் நமக்கான செய்தி எளிமையானது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை போட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துவது, தாயிடமிருந்து வரும் வைரஸை முந்திக்கொள்ளத்தான். "பச்சைக் குழந்தைக்கு இப்போதே எதற்கு ஊசி, பிறகு பார்க்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்களிடம் அந்த 41 பேரின் கணக்கைச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் இந்த வைரஸ் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இருந்தால் கட்டுப்படுத்த மருந்து உண்டு.