தும்மல் போச்சு... தூக்கம் வந்துச்சு!

காலையில் பத்து மணிக்கு செமஸ்டர். முந்தின ராத்திரி பார்த்து, பரணில் கிடந்த பழைய நோட்ஸைத் தூசி தட்டியதில் அடுக்குத் தும்மல். 'இந்தா மச்சி, ஒண்ணு போடு, சரியாயிடும்'னு ரூம்மேட் ஒரு மாத்திரையை நீட்டுறான். தும்மல் நின்னுடுச்சு. ஆனா, மறுநாள் கேள்வித்தாளைக் கையில வாங்கினா கண்ணு சொக்குது! குற்றவாளி, அந்தக் குட்டி மாத்திரைதான்.

தூசி, மகரந்தம் மாதிரி அலர்ஜி சமாசாரங்கள் மூக்குக்குள் போனதும், உடம்பு 'ஹிஸ்டமின்' என்ற ரசாயனத்தைக் கொட்டும். அது மூக்கு, கண், தோலில் இருக்கும் ஹெச்-1 ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் அரிப்பு, தும்மல், மூக்கொழுகல் எல்லாம். டவுன் பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு சீட் பிடிப்போமே... ஆன்ட்டி ஹிஸ்டமின் செய்வதும் அதேதான். ஹிஸ்டமின் வந்து பார்த்தா, உட்கார இடம் இருக்காது! இந்த ரக மருந்துகளுக்கு வழி திறந்த டேனியல் போவேவுக்கு 1957-ல் மருத்துவ நோபல் பரிசே கிடைச்சது.

சிக்கல் என்னன்னா, மூளையில் ஹிஸ்டமினுக்கு வேற டியூட்டி. நம்மை முழிச்சிருக்க வைக்கிறதே அதுதான். குளோர்பெனிரமின், 'அவில்' என்று கேட்டு வாங்குற பெனிரமின் மாதிரி பழைய தலைமுறை மாத்திரைகள் மூளைக்குள்ளும் சுலபமா நுழைஞ்சு, அங்கேயும் கர்ச்சீப் போட்டுடும். அதிலும் குளோர்பெனிரமின் பாதி அளவு உடம்பை விட்டுப் போகவே கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகலாம். ராத்திரி போட்டது காலையில் ஹால் வரைக்கும் கூட வருவது இப்படித்தான். வாய் வறட்சி, பார்வை மங்கல், சிறுநீர் கழிக்கச் சிரமம்னு உபரி தொல்லைகளும் உண்டு. போட்டுட்டு பைக் எடுக்கறது? மூச்! பீரோட சேர்ந்தா மந்தம் இன்னும் ஏறும்.

செட்ரிசின், லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் எல்லாம் அடுத்த தலைமுறை. மூளைப் பக்கம் அதிகம் போகாது. ஆனாலும் செட்ரிசின் சிலரைத் தூங்க வைக்கும். ஃபெக்ஸோஃபெனடின் அந்த விஷயத்தில் ரொம்ப சமர்த்து. ஆனா ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோட முழுங்கினா உடம்பில் சரியா சேராது. வெறும் தண்ணிதான் பெஸ்ட்.

இன்னொண்ணு... சளிக் காய்ச்சல் வைரஸை இது எதுவும் செய்யாது. ஆனாலும் பல 'கோல்டு' மாத்திரைகளில் பாராசிட்டமாலோட குளோர்பெனிரமினும் சேர்ந்தே இருக்கும். அட்டையைத் திருப்பிப் படிச்சா தெரிஞ்சிடும். எது உங்களுக்குத் தோதுன்னு டாக்டரைக் கேட்கறதை, எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி வரை தள்ளிப் போடாதீங்க.

அலர்ஜியில் உதடு, தொண்டை வீங்கி மூச்சு திணறுதா? அப்போ இந்த மாத்திரைகளை நம்பி உட்காராதீங்க. தேவை அட்ரினலின் ஊசி. அது ரூம்மேட்டோட டப்பாவில் இருக்காது. உடனே 108!