விம்மி வந்த விமான ஒலி

இலங்கைப் படத்தை விரித்து, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைக்கு அடிமட்டம் வைத்துக் கோடொன்று கீறிப் பாருங்கள். அது மாந்தைக்குச் சற்றுக் கிழக்கே, நமது மன்னார்க் கரையை ஒட்டிச் செல்லும். 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள், எயார் சிலோனின் ‘சீதா தேவி’ என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையிற் புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பின்னர் பல்லாண்டுகள் அவ்வகை விமானங்கள் வடக்கே போய் வந்தன. எயார் சிலோனும் இன்று இல்லை. அந்த முழக்கமும் இல்லை.

என் மாணவன் ஒருவன் தன் பாட்டனாருக்காக அவ்வொலியைத் தேடித் தரும்படி கேட்டான். பேசாலையில் வாழும் அவருக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. கண் மங்கினும் செவி மங்கவில்லை. இணையத்திற் கிடைத்த ஒரு பதிவைக் கைத்தொலைபேசியில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். சிறிது கேட்டுவிட்டுத் தலையசைத்தார். “மாஸ்டர், இது அதில்லை. அது விம்மி விம்மியெல்லோ வரும்” என்றார்.

அந்த ஒரு சொல்லில் முழுப் பௌதிகமும் அடங்கியிருந்தது. டக்கோட்டாவுக்கு இரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் மூன்று இதழ் கொண்ட விசிறி. ஒரு விசிறி நிமிடத்துக்கு 1,150 முறையும் மற்றையது 1,170 முறையும் சுழல்வதாகக் கொள்வோம். முதலாவது வினாடிக்கு 57.5 அதிர்வுகளையும், இரண்டாவது 58.5 அதிர்வுகளையும் எழுப்பும். இரண்டும் கலக்கும்போது வினாடிக்கு ஒரு தடவை ஒலி உயர்ந்து தாழும். வீணையின் இரு தந்திகள் சுருதி சற்றே பிசகினால் எழும் அலைவும் இதுவே. ஒற்றை இயந்திர விமானத்தில் இது எழ வழியில்லை.

கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியோ அத்துணை தாழ்ந்த ஒலியை எழுப்ப வல்லதன்று. ஆகவே நல்ல பதிவைக்கூட அது கெடுத்துவிடும்.

பழைய இயந்திர ஒலியைத் தேடுவோர் விமானத்தின் பெயரோடு நில்லாது, இயந்திரத்தின் பெயரையும் அறிதல் வேண்டும். டக்கோட்டாவைச் செலுத்தியது பதினான்கு உருளைகள் வட்டமாய் அமைந்த ‘பிறற் அன்ட் விற்னி ருவின் வாஸ்ப்’. 1942இல் கொக்கலையிலிருந்து பறந்து யப்பானியக் கடற்படையைக் கண்டறிந்த கற்றலைனா விமானத்திலும் அதே இனத்து இயந்திரமே இருந்தது. அவ்வாண்டு கொழும்பைக் காத்த ஹரிக்கேன் விமானங்களிலோ பன்னிரண்டு உருளைகள் கொண்ட ‘றோல்ஸ் றோய்ஸ் மேர்லின்’. அதன் குரலே வேறு. திரைப்படங்களிலே ஒன்றின் உருவத்துக்கு மற்றொன்றின் ஒலியை ஒட்டிவிடும் வழக்கமுண்டு. ஆதலால் படக்காட்சிகளை நம்பி ஏமாற வேண்டாம்.

பி.பி.சி. நிறுவனம் 2018இல் தன் ஒலிக்களஞ்சியத்திலிருந்து 16,000 ஒலிகளைக் கல்வி முதலிய தேவைகளுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. அவை சுருக்கப்படாத கோப்புகளாகக் கிடைப்பது பெரும் நன்மை. சுருக்கப்பட்ட பதிவுகளில் நுண்ணிய ஒலிகள் மறைந்துவிடக்கூடும். இசையும் வருணனையும் கலந்த பதிவுகளை ஒதுக்கிவிடலாம். பறக்கும் நிலையிலுள்ள பழைய விமானங்களின் புதிய பதிவுகளோ இன்னும் தெளிவானவை. இந்திய விமானப் படையின் பழம்பெரும் விமானப் பிரிவிலே 2018இல் ஒரு டக்கோட்டா சேர்ந்தது. இங்கிலாந்திலும் ஒன்று பேணப்பட்டு வருகிறது.

தற்செயலாய் வாய்த்த பதிவுகளும் உண்டு. 1942 மே 19ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் ஒரு தோட்டத்து இராப்பாடிப் பறவையின் பாடலை நேரடியாக ஒலிபரப்பக் காத்திருந்தார்கள். வானிலே 197 குண்டுவீச்சு விமானங்கள் மான்ஹைம் நகரை நோக்கிப் புறப்பட்டன. பகைவர் அறியலாகாதென்று ஒலிபரப்பு நின்றது. இசைத்தட்டு மட்டும் பறவையையும் விமானங்களையும் சேர்த்தே பதிந்துகொண்டது.

இரத்மலானை விமானப்படை அரும்பொருட்சாலையிலே, 1953 முதல் நம் நாட்டுக்கு வந்த பலியோல் பயிற்சி விமானத்தைக் காணலாம். அதனுள்ளும் மேர்லின் இயந்திரமே. ஆயின் அது மௌனமாய் நிற்கிறது.

மறுமுறை பேசாலைக்குச் சென்றபோது, சுருக்கப்படாத டக்கோட்டாப் பதிவொன்றையும், செவியை மூடும் பெரிய ஹெட்போன் ஒன்றையும் கொண்டு சென்றேன். வெளியே மன்னார்க் காற்று வீசியதால் யன்னலைச் சாத்தினோம். முதியவர் கேட்டுக்கொண்டே விரலை உயர்த்தி, விம்மல் வரும்தோறும் காற்றிலே தாளம் போட்டார். பேரன் தன் கைத்தொலைபேசியில் அவர் பேச்சைப் பதியத் தொடங்கினான்.