முட்டையில் உங்கள் பங்கு எங்கே?

வீட்டில் நாலு முட்டை அவித்தால் அவை யாருக்குப் போகின்றன? ஆபீஸ் போகிறவருக்கு ஒன்று, படிக்கிற பையனுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று. உரித்துக் கொடுத்தவளுக்கு மிஞ்சுவது ஓடுதான்! முட்டை புழங்கும் வீடுகளில் சமைக்கிற பெண்மணிக்கும் ஒன்று வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்த சங்கதி.

அந்தச் சின்ன ஓட்டுக்குள் அப்படி என்ன இருக்கிறது? ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. உடம்பு தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பதும் அதில் இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு இன்னொரு விசேஷம்: சிசுவின் மூளை வளர்ச்சிக்கு உதவும் 'கோலின்' என்ற சத்து. அது மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. ஏ, டி வைட்டமின்களும் அங்கேதான்.

"ஐயையோ, மஞ்சள் கரு கொழுப்பாயிற்றே!" என்கிறீர்களா? இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் கூடாது என்று 1968-ல் அமெரிக்க இருதய சங்கம் சொல்லியிருந்தது. ஆனால், சாப்பாட்டிலுள்ள கொலஸ்டிரால் பெரும்பாலோருடைய இரத்தத்தில் கொலஸ்டிராலை அவ்வளவாக உயர்த்துவதில்லை என்று பிறகு தெரிந்தது. ஆரோக்கியமாக இருப்பவர்கள் தினம் ஒன்று சாப்பிடலாம். நீரிழிவோ இருதய நோயோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடித்தால்தான் பலம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது சரியல்ல. வெந்த முட்டையின் புரதமே உடம்பில் நன்றாகச் சேரும். பச்சை முட்டையில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளும் இருக்கக்கூடும். ஆகவே வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வேகட்டும். முட்டையில் 'சி' வைட்டமின் கிடையாது. அதற்கு ஒரு கொய்யாப் பழமோ நெல்லிக்காயோ போதும்.

தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்களில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 2010-ல் வாரத்துக்கு ஐந்தாகிவிட்டது. குழந்தைகளைச் சர்க்கார் நினைவு வைத்துக்கொண்டது. குழந்தைகளின் அம்மாவை யார் நினைவு வைத்துக்கொள்வது? பிறர் சொல்லட்டும் என்று காத்திராதீர்கள், சகோதரிகளே! கடையில் முட்டை வாங்கும்போது உங்களையும் ஒரு தலையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.