ஷெட்டில் நின்ற ஹெரால்டு

எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு முதன்முறையாக வருபவரிடம் இருமலைப் பற்றி மட்டும் கேட்டு நாங்கள் நிறுத்துவதில்லை. என்ன வேலை பார்த்தீர்கள், எத்தகைய தூசியில் பார்த்தீர்கள், வீட்டில் புறா வளர்த்ததுண்டா என்றெல்லாம் கேட்போம். மூச்சுத் திணறலுக்கும் புறாவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். நுரையீரல் தழும்பு நோயோடு வந்த பெரியவர் ஒருவர் சலித்துக்கொள்ளவில்லை. அலுவலக வேலைதான், தூசியே கிடையாது என்று தொடங்கியவர், சற்று யோசித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வேலை பார்ப்பேன், அதையும் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார். அப்படித்தான் அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கள் நோயாளர் குறிப்பேட்டில் இடம்பெற்றது.

அவர் மறைந்த பிறகு அந்த வண்டிக்கும் அவர் குடும்பத்துக்கும் நேர்ந்ததை, குடும்பத்தாரின் இசைவோடு இங்கே எழுதுகிறோம். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

ஹெரால்டைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்காகச் சில வரிகள். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் உருவானது. வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கலொட்டி என்ற இத்தாலியர். எஞ்சின் 948 சி.சி.தான். இன்றைய சிறிய கார்கள்கூட அதை எளிதில் முந்திவிடும். ஆனால் அதன் பானட் மற்ற வண்டிகளைப் போலத் திறப்பதில்லை. இரு பக்க மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து முன்பாகம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். எஞ்சின் மூன்று பக்கமும் வெட்டவெளியில் நிற்கும். முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்து வேலை செய்யலாம். ஒரே நேரத்தில் நான்கு பேர் சுற்றி நின்றாலும் ஒருவர் தோள் மற்றவர்மேல் இடிக்காது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

பெரியவர் எங்களிடம் இரண்டரை ஆண்டுகள் இருந்தார். அவருடைய நோய்க்குக் காரணம் கண்டறியப்படவில்லை. வண்டியின் பிரேக்கை அவரே பல ஆண்டுகள் கழற்றிச் சுத்தம் செய்திருந்ததால், பழைய பிரேக் ஷூக்களில் இருந்த ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டோம். ஸ்கேனில் அதற்குரிய அடையாளங்கள் தென்படவில்லை. இறுதி ஆறு மாதங்கள் வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு வாழ்ந்தார். ஷெட் வரை குழாய் எட்டாது என்பதுதான் அவருடைய ஒரே குறை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், இரவலாகப் பெற்ற அக்கருவியைத் திருப்பித் தர மகனும் மகளும் பதினான்கு வயதுப் பேரனும் வந்தார்கள். கருவியைக் கீழே வைத்த பின்னும் அவர்கள் கிளம்பவில்லை. இப்படிப் பலர் நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இரண்டரை ஆண்டுகள் வாரந்தோறும் வந்த இடத்துக்கு இனி வர வேண்டியதில்லை என்பதும் ஓர் இழப்பே. அப்போது பேரன், "தாத்தா வண்டியை நாங்களே ஓட வைக்கலாமா?" என்று கேட்டான். மருத்துவர்களிடம் ஏன் அதைக் கேட்டான் என்பது இன்றும் எங்களுக்கு விளங்கவில்லை. கட்டாயம் செய்யுங்கள், மனதுக்கு நல்லது என்று சொல்லி அனுப்பினோம். அம்மாவுக்கு இதில் விருப்பமா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

எட்டு மாதங்கள் கழித்து அந்த அம்மா இரத்த அழுத்தத்துக்காக வந்தார். மருத்துவமனைக்கு வந்தவர் எங்கள் பிரிவுக்கும் ஏறி வந்து, "நீங்கள்தான் சொன்னீர்களாம்" என்று தொடங்கினார். மகன் ஒவ்வோர் இரவும் ஷெட்டிலேயே இருக்கிறார். விடியற்காலை இரண்டு மணிக்கு முன் படுப்பதில்லை. அலுவலகத்தில் விடுப்பு தீர்ந்து சம்பளம் பிடிக்கிறார்கள். வண்டியை வேறு எவரும் தொடக்கூடாது. பேரன் ஒருநாள் கார்புரேட்டரைக் கழற்றி வைத்ததற்கு அடி விழுந்திருக்கிறது. "அவர் போனது ஒரு துக்கம், இவன் இப்படி ஆனது இன்னொன்று. அந்த வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டால் என் வீடு எனக்குத் திரும்பும்" என்றார்.

இவ்விடத்தில் துக்கத்தைப் பற்றிப் பரவலாக நிலவும் ஓர் எண்ணத்தைப் பேச வேண்டியிருக்கிறது. துக்கம் ஐந்து படிகளாக இறங்கி முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-இல் எழுதிய நூலிலிருந்து வந்த எண்ணம் அது. தம் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி அவர் அந்நிலைகளை விவரித்தார். உறவினரை இழந்தவர்களுக்கு அது பின்னர்தான் பொருத்தப்பட்டது. எங்கள் அனுபவத்தில் எவரும் அப்படி வரிசையாக இறங்கிச் சென்றதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999-இல் முன்வைத்த விளக்கமே நாங்கள் காண்பதோடு ஒத்துப்போகிறது. துக்கத்தில் இருப்பவர் இரு கரைகளுக்கிடையே போய்வருகிறார் என்பது அவர்கள் கருத்து. ஒரு கரையில் இழப்பு: நினைவு, அழுகை, ஏக்கம். மறு கரையில் வாழ்க்கை: மின்கட்டணம், பள்ளிக்கூடம், புதிதாகக் கற்க வேண்டிய வேலைகள். இந்தப் போக்குவரத்துதான் நலத்தின் அடையாளம். எந்தக் கரையிலேனும் ஒருவர் தங்கிவிட்டால் கவலைப்பட வேண்டும்.

பழைய வண்டியைச் சீரமைப்பது இந்தப் போக்குவரத்துக்கு நன்கு இடம் தருகிறது. துருப்பிடித்த திருகாணி கழலவில்லை என்றால் அது வெறும் திருகாணிதான். துக்கத்துக்கு அங்கே விடுமுறை. அடுத்த நிமிடம் டேஷ்போர்டின் அறையில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு பெட்ரோல் கணக்கு கிடைக்கும். அமெரிக்காவில் தாத்தாவின் மஸ்டாங்கைப் பேரப்பிள்ளைகள் கூடிச் சீரமைப்பதும், நம் ஊரில் அப்பாவின் புல்லட்டையோ அம்பாசிடரையோ மீட்டெடுப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறோம். ஆனால் அந்த மகன் போய்வரவில்லை. ஷெட்டுக்குள் சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்பாவின் பெயரை வீட்டில் எவரும் எடுக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். நாங்கள் தந்த அறிவுரை அவருக்கு ஓர் ஒளிவிடம் ஆகிவிட்டது.

நீடித்த துக்கக் கோளாறு என்று இதற்கு இப்போது மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய் வகைப்பாட்டில் ஆறு மாதங்களுக்குப் பின்னும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பின்னும், ஏக்கம் தணியாமல் அன்றாட வாழ்வைக் குலைத்துக்கொண்டிருந்தால் அதைக் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். மாதக் கணக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே. ஆண்டுத் திதியன்று அழுவது நோயன்று. உறக்கம், வேலை, பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போவதையே நாங்கள் பார்க்கிறோம். உயிரோடிருப்பதில் பொருளில்லை என்ற பேச்சு வந்தால் மாதங்களை எண்ணிக்கொண்டிருக்காமல் அன்றே அழைத்து வாருங்கள்.

மகனை மனநலப் பிரிவுக்கு வரச் செய்வது எளிதாக இருக்கவில்லை. "எனக்குப் பைத்தியமில்லை" என்றார். அம்மாவும் உடன் வந்து உட்கார்ந்த பிறகே பேசினார். அவர் சொன்னது சுருக்கமானது. இறுதி இரவில் அப்பாவுக்கு மூச்சு திணறியபோது, ஆக்சிஜனைக் கூட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் கருவியின் முன் நின்றிருக்கிறார். அந்தப் பத்து நிமிடங்களுக்காகத்தான் எட்டு மாத இரவுகள். கூட்டியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பதை நாங்கள் ஸ்கேன் படங்களோடு அவருக்கு விளக்கினோம். அதை அவர் அப்பா இறந்த வாரத்திலேயே எங்களிடமிருந்து கேட்டிருக்க வேண்டும். இப்போது எங்கள் பிரிவில் மறைந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் ஆறு வாரங்களுக்குள் ஒருமுறை அழைத்து, கேட்க விரும்பும் கேள்வி ஏதேனும் உண்டா என்று கேட்கிறோம்.

மருத்துவர் வண்டியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஞாயிறு மட்டும், பகலில் மட்டும், தனியாகக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் விதித்தார். அந்தப் பானட்டைச் சுற்றி நால்வர் நிற்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வேலை மெதுவாக நடந்தது. பல ஆண்டுகள் நின்றதால் எஞ்சின் இறுகிப் போயிருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். மூன்றாம் ஞாயிறு அது அசைந்தது. சேசிஸின் பக்கவாட்டுத் தாங்கிகள் துருவில் உதிர்ந்துவிட்டதால் பட்டறையில் வெட்டி ஒட்ட நேர்ந்தது. உதிரிப் பாகங்களுக்காகப் புதுப்பேட்டையின் சந்துகளில் அலைவது மகளின் பொறுப்பாயிற்று. பேரம் பேசுவதில் அப்பாவைவிடத் தான் கெட்டிக்காரி என்று அவர் அங்கேதான் கண்டறிந்தாராம். பழைய ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றினார்கள். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும்.

இத்தகைய வேலையில் இறங்கும் குடும்பங்களுக்கு நுரையீரல் மருத்துவர்களாகச் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளிருக்கும் கரும்பொடியைக் காற்றடித்து ஊதாதீர்கள்; உலர்ந்த துணியாலும் தட்டாதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் இழைகள் தரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். பிரேக், கிளட்ச் இரண்டையும் பயிற்சியுள்ள மெக்கானிக்கிடம் விட்டு, நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காமல் நீர் விட்டுத் தேய்ப்பதும், சிறு குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அவ்விடத்தில் சேர்க்காதிருப்பதும் நலம். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கிகள் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் பெயின்ட் அடிக்கும் நாளில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

துக்கத்தில் எவருக்கும் நினைவுக்கு வராத காகித வேலையும் உண்டு. வண்டியின் உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றக் கோர வேண்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, பெருமளவு மாற்றப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் தனி விதி வந்தது. அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட இயலாது. இக்குடும்பம் தாமதத்துக்கான அபராதத்தைக் கட்டி வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டது.

பெரிய சண்டை கடைசியில் வந்தது, அதுவும் ஓர் இருக்கைக்காக. ஓட்டுநர் இருக்கையின் ரெக்சின் கிழிந்து, ஸ்பிரிங் உடைந்து, இடப்பக்கம் ஒரு குழி விழுந்திருந்தது. மற்ற இருக்கைகளோடு அதையும் புதுப்பிக்கலாம் என்றார் மகன். அதுவரை ஷெட்டுக்குள் வராமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, அன்று உள்ளே வந்து அந்த இருக்கையில் அமர்ந்துகொண்டு எழ மறுத்துவிட்டார். மறைந்தவரோடு உள்ள பிணைப்பை அறுத்தாக வேண்டும் என்ற பழைய கருத்தை, 1996-இல் வெளிவந்த "தொடரும் பிணைப்புகள்" குறித்த ஆய்வு நூலுக்குப் பின் துக்க மருத்துவம் பெரிதும் கைவிட்டுவிட்டது. ஆயினும் உடைந்த ஸ்பிரிங்கின் மீது உட்கார்ந்து எவரும் வண்டி ஓட்ட இயலாது என்பதும் உண்மை. இரண்டு வாரம் பேச்சுவார்த்தை நீண்டது. உள்ளே புது ஸ்பிரிங். மேலே பழைய ரெக்சினே, கிழிசலுக்கு மட்டும் தையல் என்று முடிவாயிற்று. குஷன் கடைக்காரருக்கு இந்த வேலை சற்றும் பிடிக்கவில்லை.

துக்க ஆண்டு என்பதால் முதல் ஆயுத பூசைக்கு வண்டிக்குப் பொட்டுகூட இடவில்லை. அடுத்த ஆண்டு பேரன் நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தான். சென்ற மாதம் அம்மா வழக்கமான பரிசோதனைக்கு ஹெரால்டில் வந்து இறங்கினார். முகப்பில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தியதால் காவலர் விரட்டினார். மகன் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, பின்னே எடுக்காமல், அந்தக் குறுகிய முகப்புக்குள்ளேயே ஒரே வளைவில் திரும்பி வெளியேறினார். காவலர் எங்களிடம் வந்து, அது என்ன வண்டி என்று கேட்டார்.