பக்கத்தில் சுரங்கம், தூரத்திலிருந்து கரி

பீங்கான் ஊர் என்று பேர் வாங்குவதற்கு முன்பே விருத்தாசலம் ரயில் ஊராகிவிட்டது. 1920-களின் இறுதியில் தென்னிந்திய ரயில்வே போட்ட விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கடலூர், சேலம் தடங்களும் இங்கே வந்து சேர்ந்தன. எல்லாம் மீட்டர் கேஜ். அன்று ஓடியவை நீராவி இன்ஜின்கள்.

அந்த இன்ஜின்களுக்கான கரி நம் மண்ணில் கிடையாது. ராணிகஞ்ச், ஜாரியா போன்ற வடக்குச் சுரங்கங்கள் 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால். ரயிலில் வந்தாலும் அகலப்பாதை வேகனிலிருந்து மீட்டர் கேஜ் வேகனுக்கு மாற்றியாக வேண்டும். கரியைக் கொண்டுவரவே வழிநெடுகக் கரி எரிந்தது.

இன்ஜின் ஷெட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் பாடு ஓயவில்லை. பிரிட்டனில் பெரிய ஷெட்களில் வேகனையே தூக்கிக் கவிழ்க்கும் கான்கிரீட் கோபுரங்கள் இருந்தன. கார்ன்ஃபோர்த்தில் ஒன்று இன்னும் நிற்கிறது. இங்கே பெரும்பாலும் மனிதத் தலைதான். குவியலிலிருந்து மண்வெட்டியால் கூடையில் வாரி, சும்மாட்டில் ஏற்றி, சரிவில் நடந்து, மேடை மேலிருந்து இன்ஜினின் கரித்தொட்டியான டெண்டருக்குள் கொட்டினார்கள். ஆண்களோடு பெண்களும் இந்த வேலையைச் செய்தார்கள். ஒரு டெண்டர் நிறையப் பல டன் வேண்டும். ஒரு பக்கம் கரி ஏற, இன்னொரு பக்கம் சாம்பல் குழியில் பழைய சாம்பலைத் தள்ளுவார்கள். தண்ணீர்த் தொட்டியையும் நிரப்ப வேண்டும். வண்டி கிளம்பியதும் ஒரு ஃபயர்மேன் பெரிய கட்டிகளைச் சுத்தியலால் உடைத்து முன்னே தள்ள, மற்றவர் நெருப்புப் பெட்டியில் வீசுவார்.

கடலூர் தடத்திலேயே, கூப்பிடு தூரத்தில் நெய்வேலி. அங்கே 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். காய்ந்தால் உதிரும், இன்ஜினின் பலத்த காற்றிழுப்பில் தூளும் பொறியுமாகப் புகைபோக்கி வழியே பறந்துவிடும். அதற்கேற்ற இடம் அனல்மின் நிலையக் கொதிகலன். 1962 முதல் நெய்வேலி மின்சாரம் தருகிறது. டெண்டருக்கு ஒத்துவராத அந்தக் கரி, இன்று மின்கட்டமைப்பு வழியாக ரயிலுக்கும் உதவுகிறது.

பழைய நீராவி இன்ஜின்களுக்கு வண்ணம் பூசி நிலைய வாசல்களில் நிறுத்தியிருக்கிறோம், நல்ல காரியம். அவற்றின் பக்கத்தில் ஒரு கரிக்கூடையும் மண்வெட்டியும் வைத்து, அந்த இன்ஜின்களுக்குத் தீனி சுமந்தவர்கள் யார் என்று நாலு வரி எழுதினால்தான் வரலாறு முழுமையாகும். ரயில்வே அதைச் செய்ய வேண்டும்.